ஒளி வாய்க்காலும் மதகும்

தில்லியிலும் மும்பையிலும் பிலாயிலும் குடியிருக்கும் நம்மவருக்கு ஊர்ச் செய்தி என்பது ஒரு காலத்தில் தபால்காரர் கொண்டுவந்த நீல நிறக் கடிதமாக இருந்தது. இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைத்தொலைபேசியை எடுத்துத் திருநெல்வேலியிலுள்ள தாயாருடனோ தஞ்சையிலுள்ள தமையனாருடனோ முகம் பார்த்தே பேசிவிடுகிறோம். நம் பேச்சு அருகிலுள்ள கோபுரம் வரையில் வானொலி அலையாகச் செல்கிறது. அதற்கப்பால், இடையிலுள்ள நெடுந்தொலைவின் பெரும்பகுதியை அது ஒளியாகவே கடக்கிறது. தலைமயிரைவிடச் சற்றே பருத்த கண்ணாடி இழையினுள், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியாக அது ஓடுகிறது. கண்ணாடியில் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ரயில் வண்டியில் நாம் இரண்டு இரவுகளைக் கழிக்கும் தில்லி–சென்னை வழியை அது ஏறக்குறைய நூற்றில் ஒரு வினாடியில் முடித்துவிடுகிறது.

நம் பேச்சோ மின்சாரத் துடிப்பாகத்தான் கருவியிலிருந்து வெளிவருகிறது. அம்மின்துடிப்பு ஒளித்துடிப்பாக மாறும் இடத்தில் ஒரு சிறு மதகு இருக்கிறது. ஒளியைத் திறந்துவிடுவதும் அடைப்பதும் அதன் வேலை. அந்த மதகைப் பற்றியும், அதனைப் பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த பாலிமர்ப் பொருள்களால் செய்வதற்கு விஞ்ஞானிகள் பட்ட பாட்டைப் பற்றியும் இங்கே சொல்ல எண்ணுகிறோம்.

முதலில் வாய்க்காலைப் பார்ப்போம். ஒளி நேராகவே செல்லும் என்று பள்ளியில் படித்தோம். 1841ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்துக் கொலடன் என்ற பேராசிரியர், தொட்டியின் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தினார். ஒளியும் நீரோடு சேர்ந்து வளைந்து இறங்கிற்று. ஒளியானது அடர்ந்த பொருளினுள்ளிருந்து அடர்த்தி குறைந்த பொருளை நோக்கிச் சாய்வாக வந்து மோதினால், வெளியேற இயலாமல் முழுவதும் உட்புறமே திரும்பிவிடுகிறது. இவ்வாறு இரு கரைகளிலும் மாறிமாறித் திரும்பியே அது வழி நடக்கிறது. பஞ்சாபிலுள்ள மோகாவில் பிறந்து, தேராதூனில் வேலை பார்த்து, பின்னர் இலண்டனுக்குச் சென்ற நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து 1954இல் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களைச் செலுத்திக் காட்டினார். கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் நெடுந்தொலைவுக்கும் இது பயன்படும் என்று 1966இல் எடுத்துரைத்தவர் சார்ல்ஸ் காவ். அதற்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் சென்ற பின்னும் பாதி ஒளி மீந்திருக்கிறது.

ஆக, வாய்க்கால் நன்றாகவே அமைந்துவிட்டது. மதகு அவ்வளவு எளிதாக அமையவில்லை. லேசர் விளக்கையே அணைத்து அணைத்து ஏற்றலாமே என்று தோன்றும். மெதுவான வேலைக்கு அது போதும். வினாடிக்குப் பல்லாயிரம் கோடி முறை அவ்வாறு செய்யப் புகுந்தால், ஒவ்வொரு முறையும் ஒளியின் நிறமே சற்றுத் தள்ளாடுகிறது. நெடுந்தொலைவில் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடுகின்றன. ஆகையால் விளக்கு ஒரே சீராக எரிந்துகொண்டிருக்க, அதன் முன்னே ஒரு கதவு திறந்து மூட வேண்டும். இரும்பாலோ மரத்தாலோ செய்த எந்தக் கதவும் அந்த வேகத்தில் அசையாது. பொருள் அசையாமல் இருக்கும்போதே அதன் குணம் மட்டும் மாற வேண்டும். அதாவது, ஒளி அதனூடே செல்லும் வேகத்தை மின்சாரம் மாற்ற வேண்டும்.

இங்கேதான் நம் பொருளின் உயிர்நாடி இருக்கிறது. வில்தராசில் சிறு பாரத்தைத் தொங்கவிட்டால் வில் சிறிது நீளும். இரு மடங்கு பாரத்துக்கு இரு மடங்கு நீளும். பாரம் மிகுந்துகொண்டே போனால் ஓர் எல்லைக்கப்பால் இந்த விகிதம் கெட்டுவிடும். பொருள்களிலுள்ள எலெக்ட்ரான்களும் இத்தகைய விற்களில் கட்டுண்டவை போலவே ஒளி அலைக்கு இசைந்து ஆடுகின்றன. விளக்கொளியும் வெயிலும் அவற்றை மிக மெல்லவே அசைக்கின்றன. ஆதலால் விகிதம் கெடுவதில்லை. இரு கைவிளக்குகளின் கதிர்கள் குறுக்கே சந்தித்தாலும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் கடந்து போவதற்கு இதுவே காரணம். வலிய ஒளியோ வலிய மின்புலமோ தாக்கும்போதுதான் விகிதம் மீறுகிறது. அப்பொழுது புதுப்புது விளைவுகள் தலைகாட்டுகின்றன. இவற்றை விஞ்ஞானிகள் நேரிலா ஒளிப்பண்புகள் என்பர்.

மின்புலத்தால் ஒளியின் போக்கு மாறுவதை 1875இல் கிளாஸ்கோ நகரத்து ஜான் கெர் என்பவர் கண்டார். அங்கே மின்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாற்றம் நிகழ்ந்தது. மின்புலத்தின் அளவுக்கு நேராகவே மாற்றம் நிகழும் படிகங்களும் உண்டு என்பதை 1893இல் ஃப்ரீட்ரிக் பொக்கெல்ஸ் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து நிறுவினார். நம் மதகுக்கு வேண்டுவது இந்தப் பொக்கெல்ஸ் விளைவே. இவருடைய தமக்கையார் ஆக்னஸ் என்பவர் பல்கலைக்கழகத்தில் பயிலாமலே, வீட்டில் இருந்தபடி நீரின் மேலே படரும் மெல்லிய ஏடுகளை ஆராய்ந்து 1891இல் பெயர்பெற்றவர். அந்த அம்மையாரின் கதையைத் தனியே சொல்ல வேண்டும்.

1960இல் லேசர் பிறந்ததும் நேரிலாப் பண்புகளைப் பற்றிய ஆராய்ச்சி கொழுந்துவிட்டு எரியத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஃபிராங்கனும் துணைவர்களும் ரூபி லேசரின் செவ்வொளியைப் படிகக்கல் ஒன்றில் பாய்ச்சினர். உள்ளே சென்ற ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளிவந்த ஒளியில் அதில் சரிபாதியான 347 நானோமீட்டர் அலையும் சிறிதளவு கலந்திருந்தது. தந்தியில் ஸட்ஜமத்தை மீட்ட, அதனோடு மேல்ஸ்தாயி ஸட்ஜமமும் சேர்ந்து எழுவது போன்ற நிகழ்ச்சி இது. ஆதாரமான புகைப்படத்தில் இந்தப் புதிய ஒளி ஒரு சிறு புள்ளியாகத்தான் விழுந்திருந்தது. அதனைத் தூசு என்று எண்ணி அச்சிடும்போது அழித்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. பத்திரிகையில் வெளிவந்த படத்தில் அம்புக்குறி இருக்கிறது; அது சுட்டும் புள்ளிதான் இல்லை.

இந்தத் துறையில் நம்மவர் கை பட்ட இடமும் ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன் 1907இல் நிதித்துறை உத்தியோகத்துக்காகக் கல்கத்தாவுக்குச் சென்றார். அலுவலகத்துக்குப் போய்வரும் நேரம் தவிர்ந்த பொழுதெல்லாம் பௌபஜார் வீதியிலிருந்த ஆராய்ச்சிக் கழகத்தில் செலவிட்டார். 1928இல் அதே இடத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனைத் துணைக்கொண்டு அவர் கண்ட விளைவை உலகம் அறியும். சூரிய ஒளியும் பாதரச விளக்கும் கொண்டு அவர்கள் கண்டது மிக மெல்லிய ஒளி. 1962இல் உட்பரி, இங் என்ற இருவர் ரூபி லேசரோடு நைட்ரோபென்சீன் திரவத்தை வைத்து வேலை செய்தபோது, அதே ராமன் விளைவு எதிர்பாராத வகையில் வலிய கதிராகப் பீறிட்டது. கண்ணாடி இழையில் தளர்ந்துவரும் ஒளியை வழியிலேயே பெருக்குவதற்கு இந்தத் தூண்டிய ராமன் சிதறலைப் பயன்படுத்துகிறார்கள். ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் பிழைக்கப் போன ஒருவரின் ஓய்வுநேர உழைப்பில் தொடங்கிய ஆராய்ச்சி, வேற்று மாநிலங்களிலிருந்து நாம் ஊருக்குப் பேசும் பேச்சுக்கும் உதவுகிறது.

மதகுக்குத் திரும்புவோம். பல ஆண்டுகளாக இதற்குப் பயன்பட்டுவருவது லித்தியம் நையோபேட் என்னும் படிகம். உறுதியானது, எளிதில் கெடாது. ஆயினும் அதனைப் படிகமாகவே வளர்க்க வேண்டும். மேலும், படிகத்தின் மீது ஓடும் மின்னலை, உள்ளே ஓடும் ஒளியலையைவிடப் பின்தங்குகிறது. இரண்டும் கைகோத்து ஓடினால்தான் மதகு விரைவாக வேலை செய்யும். பாலிமர்களில் இவ்விரு வேகங்களும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. 1997ஆம் ஆண்டிலேயே வினாடிக்கு 11,000 கோடி முறை துடிக்கும் பாலிமர் மதகைச் செய்து காட்டினர். அன்றியும், பாலிமரைக் கரைத்து, சுழலும் சிலிக்கன் வட்டின் நடுவில் ஊற்றினால் அது தானே மெல்லிய ஏடாகப் பரவிக்கொள்ளும். தோசை வார்ப்பதில் நாம் கரண்டியைச் சுழற்றுகிறோம். இங்கே கல்லே சுழல்கிறது. அவ்வேட்டில் சில மைக்ரான் அகலமுள்ள கோட்டை மட்டும் விட்டுச் செதுக்கி, மேலும் கீழும் அடர்த்தி குறைந்த வேறொரு பாலிமரைப் பூசினால் ஒளிவாய்க்கால் ஆயிற்று. நூல்களில் இதனை அலைநடத்தி என்று வழங்குவர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வெறும் பிளாஸ்டிக்கில் பொக்கெல்ஸ் விளைவு இல்லை. அதற்கென்று ஒரு வகைச் சாயத்தைக் கலக்க வேண்டும். செயற்கை இழைத் துணிகளுக்குச் சிவப்பேற்றும் சாயங்களுள் ஒன்றான டிஸ்பர்ஸ் ரெட் 1 என்பதே தொடக்க காலப் பரிசோதனைகளில் மிகுதியாகப் பயன்பட்டது. சூரத்திலுள்ள நம் அன்பர்களுக்கு இந்தச் சாய இனம் புதிதாக இராது. அதன் மூலக்கூறு நீண்ட கழி போன்றது. ஒரு நுனி எலெக்ட்ரானை எளிதில் கொடுக்கும். மறு நுனி அதனை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். ஆகவே அதனுள்ளே எலெக்ட்ரான்கள் ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் நகர்கின்றன. இவ்வாறு இருபுறமும் ஒத்திராத தன்மையே பொக்கெல்ஸ் விளைவுக்கு அடிப்படை.

ஆனால் சாயத்தைக் கலந்துவிட்டதால் மட்டும் காரியம் முடிவதில்லை. கோடிகோடி மூலக்கூறுகள் மனம்போன திசைகளில் கிடக்கின்றன. மேல்நோக்கிய ஒன்றின் விளைவைக் கீழ்நோக்கிய மற்றொன்று அழித்துவிடுகிறது. எதிரெதிராகப் பூட்டிய இரு காளைகள் வண்டியை இழுத்தது போலத்தான். ஆகையால் அவற்றை ஒரே முகமாக நிமிர்த்த வேண்டும். நாற்று நடுவதை நாம் அறிவோம். சேறு இளகியிருக்கும்போதுதான் நாற்றை நிமிர்த்தி ஊன்ற முடியும். பின்னர் மண் இறுகி அதனைப் பிடித்துக்கொள்ளும். பாலிமரையும் அது இளகத் தொடங்கும் வெப்பத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வழக்கமாகக் கையாளும் அக்ரிலிக் இனத்துக்கு இது சுமார் 105 பாகை செல்ஷியஸ். அந்நிலையில் மைக்ரான் ஒன்றுக்கு நூறு வோல்ட் அளவில் மின்புலத்தைச் செலுத்துகிறார்கள். பத்து மைக்ரான் தடிப்புள்ள ஏட்டுக்கு ஆயிரம் வோல்ட்! ஏட்டில் ஒரு தூசு, ஓர் ஊசித்துளை இருந்தால் அங்கே தீப்பொறி பறந்து, அன்றைய வேலை அவ்வளவும் வீணாகும். பிழைத்த ஏட்டை, மின்புலத்தை எடுக்காமலே ஆறவிடுகிறார்கள். சாய மூலக்கூறுகள் நிமிர்ந்த நிலையில் உறைந்துவிடுகின்றன. நாற்றங்கால் போல எல்லாம் நேராக நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சூட்டின் அலைக்கழிப்பில் பெரும்பாலானவை சாய்ந்தும் கிடந்தும்தான் இருக்கும். ஒரு புறமாகச் சற்றே மிகுதி என்னும் அளவுக்குத்தான் ஒழுங்கு வாய்க்கிறது. அவ்வளவே போதுமானது.

எவ்வளவு மாற்றம் கிடைக்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். லித்தியம் நையோபேட்டைவிட மூன்று மடங்கு திறனுள்ள பாலிமர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளுக்கிடையே பத்து மைக்ரான் இடைவெளி; கொடுக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட். ஒளிவிலகல் எண் 1.6 என்றால், அது லட்சத்தில் இரண்டு என்னும் அளவே மாறுகிறது. இது என்ன பிரமாதம் என்று கேட்கலாம். வாய்க்காலின் நீளம் நான்கு சென்டிமீட்டரானால், அதனுள்ளே ஒளி நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட அலைகளாக எழுந்து தாழ்ந்து செல்கிறது. அத்தனை அலைகளிலும் சிறுகச்சிறுகத் தங்கி, கடைசியில் அரை அலை பின்தங்குகிறது. அந்த அரை அலையே மதகை மூடப் போதும். ஒளியை இரு வாய்க்கால்களாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் இவ்வாறு பின்தங்கச் செய்து, மறுபடி ஒன்று சேர்க்கிறார்கள். ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சந்தித்து வெளிச்சம் அணைந்துவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் மேடும் மேடும் கூடி ஒளி மீண்டும் தோன்றுகிறது. மின்னழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இலாபம். அது பாதியானால் ஒவ்வொரு துடிப்புக்கும் செலவாகும் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும். இரவும் பகலும் ஓயாமல் செய்தி பரிமாறும் கணிப்பொறிக் கூடங்களில் மின்சாரச் செலவும், அதனால் எழும் சூட்டைத் தணிக்கும் செலவும் பெருந்தொல்லை. பாலிமர் மதகை இவ்வளவு பேர் நாடி நிற்பதற்கு முக்கிய காரணம் இதுவே.

இனி, வந்த இடையூறுகளைச் சொல்ல வேண்டும். சாயத்தைக் கூட்டினால் திறனும் கூடும் என்று ஆரம்பத்தில் நம்பினர். ஓரளவு வரை அப்படியே கூடிற்று. அதற்கு மேல் சாயத்தைச் சேர்க்கச் சேர்க்கத் திறன் குறைந்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனையில் நேர்மின்னும் மறு முனையில் எதிர்மின்னும் மிகுந்திருப்பதால், நெருங்கியவுடன் இரண்டிரண்டாக எதிரெதிர் முகமாய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியபின் வெளி மின்புலம் அவற்றை அசைக்க மாட்டுவதில்லை. எந்தக் குணத்தை நாடி அந்த மூலக்கூற்றை ஆக்கினார்களோ, அந்தக் குணமே பகையாயிற்று. லாரி டால்டனும் கூட்டாளிகளும் இதனைக் கணக்கிட்டுப் பார்த்து, கழியாக இருப்பதே குற்றம் என்று கண்டனர். கழியின் விலாப்புறத்தில் பருத்த அணுக்கூட்டங்களைச் சேர்த்து அதனை உருண்டை வடிவுக்கு நெருக்கமாக்கினால், மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அணுக முடியாது. இவ்வாறு செய்த மதகு ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் வேலை செய்தது. 2000ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் இச்செய்தி வெளிவந்தது. இத்துறையில் வெளிவந்தவற்றுள் மிகவும் மனம் கவரும் வேலை இதுவே என்பது நம் கருத்து. விலை உயர்ந்த கருவி ஒன்றும் புதிதாக வேண்டியிருக்கவில்லை. வடிவத்தைப் பற்றி யோசித்ததே பலன் தந்தது.

இரண்டாவது இடையூறு காலம். நிமிர்த்தி வைத்த மூலக்கூறுகள் இயற்கையாகவே மீண்டும் கலைய விரும்புகின்றன. பாலிமர் என்பது குளிர்ந்த நிலையிலும் முற்றும் அசைவற்றதன்று. அதன் நெடுஞ்சங்கிலிகள் மெல்லமெல்ல நெளிந்துகொண்டே இருக்கும். கருவிகளின் உட்புறம் 70, 80 பாகைச் சூட்டை எட்டுவது சாதாரணம். இளகும் வெப்பம் 105 பாகையாக உள்ள அக்ரிலிக்கை அங்கே வைத்தால் ஒழுங்கு விரைவிலேயே குலைந்துவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் படுக்க வைத்தால் எழுந்துகொள்ளும். இந்தச் சாயங்களோ எழுப்பி வைத்தால் படுத்துக்கொள்ளும்! ஆகவே 200 பாகைக்கு மேலும் இளகாத பாலிமைடு போன்ற இனங்களை நாடினர். சாயத்தைச் சங்கிலியோடு ரசாயன முறையில் பிணைத்தனர். நிமிர்த்தி வைத்த அந்நேரத்திலேயே சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்கும் முடிந்து வலையாக்கினர். ஆனால் உயர்ந்த வெப்பத்தில் நிமிர்த்துவதற்குச் சாயமும் அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டுமே! திறன் மிகுந்த சாயங்கள் பலவும் சூட்டில் கருகுபவை. ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று தாழ்கிறது.

மூன்றாவது ஆக்சிஜன். ஒளி பட்டுக்கொண்டேயிருக்கும் சாயத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தின்றுவிடும். வெயிலில் காயப்போட்ட சிவப்புச் சேலை வெளுப்பதும் இவ்வகையிலேயே. காற்றுப் புகாத உறையில் அடைத்தால் இது பெரிதும் அடங்குகிறது. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் செய்தி ஒளியை ஓரளவு விழுங்குவதும் உண்டு. ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஃப்ளூரினை அமர்த்தி அதனைக் குறைக்கிறார்கள்.

ஒளியை ஒளியாலேயே திறந்து மூடும் மதகு என்ற ஆசையும் ஒரு பக்கம் இருந்தது. பாலிடையசெட்டிலீன் என்ற பாலிமர்ப் படிகத்தில் அதற்கேற்ற வலிய பண்பு இருப்பதை 1976இல் கண்டனர். மின்சாரமே இல்லாத ஒளிக் கணிப்பொறி வந்துவிடும் என்று அடுத்த பத்தாண்டுகளில் பலர் எழுதினார்கள். வலிய ஒளியைப் பாய்ச்சியபோது பொருள் இரண்டிரண்டு ஒளித்துகள்களாகச் சேர்த்து விழுங்கிச் சூடேறிற்று. அந்தக் கணிப்பொறி வரவில்லை.

மின்சார மதகோ வேறு வழியில் சிறுத்துக்கொண்டே போயிற்று. பத்து மைக்ரான் இடைவெளியைப் பத்தில் ஒரு மைக்ரானாகக் குறைத்தால், அதே ஒரு வோல்ட் நூறு மடங்கு வலிய மின்புலத்தைத் தரும். சிலிக்கனில் அத்தகைய மெல்லிய பிளவை வெட்டி, அதனுள் சாயப் பாலிமரை நிரப்பும் முறையைக் கார்ல்ஸ்ரூயே நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வளர்த்தனர். சிலிக்கனுக்குப் பதிலாகத் தங்கப் பட்டைகளை வைத்து, சூரிச்சிலுள்ளோர் 2015இல் சுமார் பத்து மைக்ரான் நீளமே உள்ள மதகைச் செய்து காட்டினர். மேலே நாம் போட்ட கணக்கில் நான்கு சென்டிமீட்டர் வேண்டியிருந்தது. தங்கம் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது என்பது இதன் குறை.

பழைய போட்டியாளரும் சும்மா இருக்கவில்லை. லித்தியம் நையோபேட்டை மெல்லிய ஏடாகச் சீவி அதில் வாய்க்கால் வெட்டும் வித்தை கைவந்தது. 2018இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் அவ்வகை மதகைச் சாதாரணக் கணிப்பொறிச் சில்லுகள் தரும் சிறு மின்னழுத்தத்திலேயே இயக்கினர். அது படிகம், அதன் ஒழுங்கு ஆயிரம் பாகைக்கு மேலும் கலையாது. ஆகையால் பாலிமர்ச் சில்லு செய்வோர் இன்று முதலில் காட்ட வேண்டியிருப்பது வேகத்தையன்று. சில்லுகளை 85 பாகைச் சூட்டில் அடுப்புப் போன்ற அறைகளில் ஆயிரக்கணக்கான மணி நேரம் அடைத்து வைக்கிறார்கள். குறித்த காலத்துக்கொரு முறை வெளியே எடுத்து, ஒளியை அணைக்க எத்தனை வோல்ட் வேண்டியிருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். அந்த எண் ஏறாமல் இருந்தால் மூலக்கூறுகள் இன்னும் நிமிர்ந்தே நிற்கின்றன என்று பொருள். குறித்துக்கொண்டு, மறுபடியும் உள்ளே வைக்கிறார்கள்.